வெயில் எட்டாத மூலையில் ஒரு செடித்தொட்டி

முதல் ஐந்து வாரம் எங்கள் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை. தண்ணீர், மணல், ஒரு மரக்கட்டை, நாலு வகைச் செடி, ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் ஸ்பான்ஞ் ஃபில்டர், அவ்வளவுதான். "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடா தினமும் லைட்டு?" என்று அம்மா கேட்டார். செடிக்கு என்றேன். "செடின்னா பால்கனியில வைக்க வேண்டியதுதானே" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறை அவசரப்படுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் மூன்று வருடம் முன்பு வாங்கிய முதல் தொட்டியில் பத்து நாளுக்குள் எட்டு மீன்களை எடுத்து மண்ணில் புதைத்தேன். தொட்டியும் மீனும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியது. கடைக்காரர் நீலச் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து "இதை ஊத்துங்க சார், சரியாகிடும்" என்றார். சரியாகவில்லை.

அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது, அது விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும், செடிகளும் அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை கூடுதலாகவும் இருந்தால் அதே அளவு அமோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். சென்னை போர் தண்ணீர், சித்திரை மாதம் என்று சேர்த்துப் பாருங்கள்.

அதனால்தான் மீன் இல்லாமல் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். அது அழுகி அமோனியா வர, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. வாரம் இரண்டு முறை சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் சோதித்தேன். அமோனியா ஏறியது, இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறியது, ஐந்தாவது வாரக் கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. புதிதாகத் தொடங்குபவர்கள் விலையுயர்ந்த ஃபில்டருக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் இந்தக் கிட்டை வாங்கலாம்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர். தண்ணீர் மட்டுமே 54 கிலோ, அதோடு மணல், கண்ணாடி, கட்டை எல்லாம் சேர்த்தால் 70 கிலோவைத் தாண்டும், ஆகவே டிவி வைக்கும் மர ஸ்டாண்டில் வைக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் அடித்து, மேலே பிளைவுட், அதன் மேல் ஒரு தெர்மோகோல் ஷீட். தெர்மோகோல் எதற்கென்றால், அடியில் ஒரு சின்ன மணல்துகள் கிடந்தால்கூட அந்த இடத்தில் கண்ணாடி அழுத்தம் தாங்காமல் விரிசல் விடலாம். வைத்த இடம் ஹாலின் வடக்கு மூலை. பகலிலேயே அங்கே பேப்பர் படிக்க லைட் போட வேண்டும். பலர் இப்படிப்பட்ட இடத்தில் செடி வராது என்று நினைக்கிறார்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால்தான் கஷ்டம், ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பாசி பிடித்துவிடும்.

மணல் அலசியதைச் சொல்லியாக வேண்டும். கட்டுமான வேலைக்கு வந்த ஆற்று மணலில் மிஞ்சியது பன்னிரண்டு கிலோ, சல்லடையில் சலித்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் பக்கெட்டில் பாதி போட்டு, ஹோஸ் விட்டுக் கையால் கிளறிக் கொட்டினேன். முதல் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. நாலாவது தண்ணீர் மோர் மாதிரி. ஒன்பதாவது முறைதான் மணலுக்கு மேல் நின்ற தண்ணீர் வழியே என் விரல் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பிடி மணலில் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. நுரைத்தால் சிப்பித்தூளோ சுண்ணாம்போ இருக்கிறது என்று அர்த்தம், அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். கடற்கரை மணல் வேண்டாம் என்பது இதனால்தான். எம்-சாண்டும் வேண்டாம், முனை கூராக இருக்கும், தூசியும் அடங்கவே அடங்காது.

செடிகளை, அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கினேன். சென்னையில் மீன் வளர்க்கும் யாருக்கும் கொளத்தூரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் வாங்கியது அனூபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வென்ட்டி, ஒரு கைப்பிடி ஜாவா பாசி (கண்ணாடியில் பிடிக்கும் பாசி இல்லை, 'மாஸ்' என்று சொல்லும் சின்னச் செடி). இந்தச் செடிகளின் சொந்த ஊரைப் பார்த்தால் இருட்டு மூலையில் ஏன் பிழைக்கின்றன என்று விளங்கும். அனூபியாஸ் ஆப்பிரிக்கக் காடுகளில் ஓடைக்கரைப் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. வென்ட்டி இலங்கைக்கே உரியது, மரங்கள் மூடிய நீரோடைகளில் வளர்வது. தலைக்கு மேல் காடு மூடியிருந்தே பழகிய செடிகள், எங்கள் ஹால் அவற்றுக்குப் பெரிய கஷ்டமே இல்லை.

நடுவதில் ஒன்று மட்டும் தவறக்கூடாது. அனூபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் இஞ்சி மாதிரி படுத்துக் கிடக்கும் ஒரு தடித்த தண்டு உண்டு, இலை மேலே போகும், வேர் கீழே இறங்கும். அந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும், செடி போய்விடும். கட்டையிலோ கல்லிலோ வைத்துத் தையல் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் போதும், நூல் தளர்வதற்குள் வேர் கட்டையைப் பிடித்துவிடும். வென்ட்டி இதற்கு நேர்மாறு: மணலில் நட வேண்டும், சாப்பாடும் வேர் வழியாகத்தான் பெரும்பாலும் எடுக்கும், ஆகவே பக்கத்தில் உரமாத்திரை ஒன்றை இரண்டு அங்குலம் ஆழத்தில் செருகிவிட்டேன்.

அப்புறம் வெளிச்சம். பன்னிரண்டு வாட் எல்இடி, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், டைமர் போட்டு மதியம் மூன்றிலிருந்து இரவு பத்து வரை. இதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். செடி மெதுவாக வளர்கிறதே என்று விளக்கைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் காரியம். வெளிச்சம் கூடினால் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடும் உரமும் அதே அளவு கூடுதலாக வேண்டும், அது கிடைக்காதபோது செடி திணறும், பாசி புகுந்துவிடும். சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு விடுபவர்களின் தொட்டிகள் அழகுதான், ஆனால் வாராவாரம் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த தொட்டியில் எல்லாமே நிதானம். அனூபியாஸ் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ இலைதான் விடும். எனக்கு அந்த வேகம் பிடித்திருக்கிறது.

இரண்டாவது வாரம் வென்ட்டி கரைந்தது. இலைகள் ஒன்றொன்றாகக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, கூழாகி, தொட்டால் கையோடு வந்துவிட்டன. பத்து இலையில் ஒன்றுதான் மிச்சம். பிடுங்கி எறிந்துவிடலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். பண்ணைகளில் இதைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான் வளர்ப்பார்கள், தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புது இலை விடும், வேர் நன்றாக இருந்தால் தொடாமல் விட வேண்டும் என்று படித்திருந்தேன், விட்டேன். பத்தொன்பதாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது மணலிலிருந்து ஒரு ஊசி மாதிரி, செம்பு நிறத்தில், சுருட்டிக்கொண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்த நாலு நாளில் அது விரிந்தது, ஓரமெல்லாம் அலை அலையாக. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து லைட் பற்றி அவர் கேட்கவில்லை.

தண்ணீர் எங்களுக்கு மெட்ரோ வாட்டர், அதாவது மாநகரக் குழாய்த் தண்ணீர். குளோரின் போக, பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்துவிடுவேன், அவசரமென்றால் ஆன்டி-குளோரின் சொட்டு. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாதீர்கள், அதில் செடிக்கும் மீனுக்கும் வேண்டிய தாதுக்கள் அநேகமாக இருக்காது. வாரம் ஒரு பக்கெட், சுமார் பன்னிரண்டு லிட்டர் மாற்றுகிறேன். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பான்ஞ்சைப் பிழிந்து கழுவ வேண்டும். குழாயில் காட்டினால் குளோரின் பட்டு, ஐந்து வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

செடியோடு நத்தையும் வந்தது. கடையில் கேட்டால் கொல்லத்தான் மருந்து தருவார்கள், நான் விட்டுவைத்தேன். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் எழுதியதைப் படித்தபிறகு நத்தை மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. அவர் தொட்டியில் இரண்டு தங்கமீன்களும் வாலிஸ்னேரியா செடியும் வைத்திருந்தார், உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கெட்டது, குளத்து நத்தைகளை விட்ட பிறகு அவை அழுகியதைத் தின்று தண்ணீர் தெளிந்தது. தீனி அளவாகப் போட்டால் நத்தையும் அளவாகவே இருக்கும்.

ஆறாவது வாரம் மீன் விட்டேன். ஆறு செர்ரி பார்ப், இதுவும் இலங்கை ஓடைகளில் வாழும் மீன்தான், வென்ட்டியின் ஊர்க்காரர். ஆண் மீன்கள் வந்த அன்று வெளிறிப்போய் இருந்தன, ஒரு வாரத்தில் இலைகளுக்கிடையே மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிட்டன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீனைக் காட்டி "டேங்க் கிளீனர் ரெண்டு போட்டுக்கோங்க" என்றார்கள் கடையில், வேண்டாம் என்றேன். அது ஒரு அடிக்கு மேல் வளரும் மீன், பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், நம் ஏரிகளில் அது பெருகி ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையான விஷயம்.

மே மாதம் தண்ணீர் 32 டிகிரி வரை போனது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி வைத்தேன், ஆவியாவதிலேயே இரண்டு டிகிரி இறங்கியது, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கிவைத்திருக்கிறேன்.

இப்போது எட்டாவது மாதம். ஜாவா ஃபெர்னின் பழைய இலை ஒன்றின் நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது, நோய் என்று நினைத்தேன். அதிலிருந்து மயிர் மாதிரி வேரும், நகக்கண் அளவில் மூன்று குட்டி இலையும் வந்திருக்கின்றன. கீழ் வீட்டுப் பையன் தினமும் வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்க்கிறான். இன்னும் இரண்டு வாரத்தில் அது தானாகக் கழன்று மிதக்கும், அவனுக்கென்று ஒரு கல்லை அலசி எடுத்து வைத்திருக்கிறேன்.