படுத்தால் ஒரு பிரஷர், நின்றால் ஒரு பிரஷர்

அக்காவுக்கு விடாத விக்கல், காலையில் எழுந்ததும் வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வரும். தலைவலி பெரிதாக இல்லாததால் எல்லாரும் வயிற்றைத்தான் பார்த்தார்கள். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் உண்டு. அன்று அவள் அழுத அழுகை இன்னும் எனக்கு ஆறவில்லை.

வழி காட்டியவர் எங்கள் தெரு டாக்டர். படுக்கவைத்துப் பார்த்தார்: 128/80, நாடி 76. நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி: 92/60, நாடி 80. "மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்கணும்மா. இவங்களுக்கு 36 இறங்கியும் நாடி பெரிசா ஏறவே இல்லை. வெறும் நீர்ச்சத்துக் குறைவுன்னா இதயம் படபடன்னு அடிச்சிருக்கும். நரம்புல கோளாறு இருக்கலாம். விக்கலும் இருக்கு, தலையை ஸ்கேன் பண்ணிடுவோம்."

எம்ஆர்ஐயில் கட்டி. மூளையின் பின்பக்கம் நீர் நிறைந்த சிறு அறையான நான்காவது வென்ட்ரிக்கிளின் தரையில் ஒட்டி, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அனுப்பும் பிரஷர் தகவல் வந்து சேருவது முகுளத்தில்தான். வாந்தியைத் தூண்டும் இடமும் அங்கேதான். மூச்சு, விழுங்குதல், இதயத் துடிப்பு எல்லாமே சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கியிருக்கின்றன என்று சர்ஜன் படத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

ஆபரேஷனில் அந்தத் தரையைத் தொட்டால் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம், இறங்கினால் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்போம் என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. ஒட்டியிருந்த துணுக்கை வலிந்து எடுக்காமல் விட்டுவிட்டார். அந்த நிதானத்துக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். பயாப்ஸியில் எபெண்டிமோமா (மூளையின் நீர் அறைகளின் உட்சுவரில் உருவாகும் கட்டி), கிரேடு 2. பிறகு கதிர்வீச்சு.

கட்டியை எடுத்ததும் பிரஷர் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தோம். ஆகவில்லை. விழுங்க முடியாமல் கொஞ்ச காலம் மூக்கு வழி டியூபில் கஞ்சி. உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்த ஃப்ளூட்ரோகார்டிசோன். அது பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. ரத்தக்குழாயைச் சுருக்க மிடோட்ரின். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் பிரஷர் எகிறிவிடும் என்பதால் கடைசி வேளை தூங்குவதற்கு நாலு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். டியூபை எடுத்தபிறகு, காலையில் எழுமுன் படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்து அரை லிட்டர் தண்ணீர். அப்புறம் தொடைவரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ். கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவாள். மருந்துக்குச் சமமாக உதவியது இந்த ஒழுங்குதான் என்பேன்.

படுத்த பிரஷர், நின்ற பிரஷர், இரண்டுக்கும் நாடி என்று நோட்டில் எழுதி வருகிறேன். தலைவலி கூடி, தூங்கி வழிந்து, பிரஷர் ஏறும்போது நாடி மட்டும் குறைந்தால் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது, ஓபிக்குக் காத்திருக்காமல் நேரே கேஷுவாலிட்டிக்கு வந்துவிடுங்கள் என்று டிஸ்சார்ஜ் அன்று சர்ஜன் சொன்னதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் யார் துணைக்கு இருந்தாலும் அதைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் வெளியே கிளம்புவது.