விளக்குக்குக் காது எங்கே இருக்கிறது?

“லைட்டுலயே சவுண்ட் மோடு இருக்குல்ல தம்பி, அதைப் போட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போகலாமே” என்று சொல்லாத திருவிழா கமிட்டிக்காரர் அபூர்வம். இருக்கிறதுதான். மேடைக்கு நிறம் பாய்ச்சும் எல்இடி பார் (PAR) லைட்டுக்குள் ஒரு சின்ன மைக் உண்டு, அதிர்வு வந்தால் நிறம் மாற்றும். அது பாட்டா, வேட்டா, ‘ஹலோ மைக் டெஸ்டிங்’கா என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. பொன்னாடை போர்த்திக்கொண்டு தலைவர் பேச வந்தால் அவருடைய ஒவ்வொரு வல்லினத்துக்கும் மேடை சிவப்பும் பச்சையுமாகத் துள்ளும்.

ஆர்கெஸ்ட்ரா மேடையில் லைட் போடுகிற எனக்குக் கைகொடுப்பது ரிதம் பேட், தட்டினால் தாள ஒலி தரும் மின்னணுக் கருவி. அதில் ஒரு தட்டு தட்டினால் ஒலியோடு சேர்ந்து மிடி அவுட் (இசைக்கருவிகள் தகவல் அனுப்பும் இணைப்பு) வழியாக ஒரு செய்தியும் போகும்: எந்த பேட், எவ்வளவு அழுத்தம் என்று. அழுத்தம் 0 முதல் 127 வரை, விளக்குகளுக்குக் கட்டளை போகும் டிஎம்எக்ஸ் சேனல் 0 முதல் 255 வரை, ஆக இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய முடிந்தது. பழைய லேப்டாப்பும் க்யூஎல்சி பிளஸ் என்ற இலவச விளக்குக் கட்டுப்பாட்டு மென்பொருளும் இதற்குப் போதும். மைக்கே நடுவில் இல்லாததால் வேட்டுச் சத்தமும் ஜெனரேட்டரும் குழப்பாது. ஒரே தொல்லை, பாட்டுக்குப் பாட்டு கிட் (ஒலித் தொகுப்பு) மாற்றும்போது எந்த பேட் என்று சொல்லும் நோட் எண்களும் மாறிவிடலாம். அதனால் சவுண்ட் செக்கிலேயே பேட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணே, அந்தக் குத்துப்பாட்டு கிட்டை ஒருதரம் தட்டுங்க” என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வேன். அவரும் சலிக்காமல் தட்டுவார், பெரும்பாலும்.

எந்த விளக்கு என்பதும் முக்கியம். பழைய பல்பு வகையான 1000 வாட் பார் கேனில் இழை சூடாகி எரியவும் தணியவும் நேரம் எடுக்கும், வேகமான அடிக்கு எல்லாம் ஒன்றாகக் குழைந்துபோகும். எல்இடி கத்தி மாதிரி வெட்டும். மெலடிக்கு எனக்கு அந்தக் குழைவுதான் பிடிக்கும், ஆனால் கரண்ட் செலவைப் பார்த்து இப்போது யாரும் பார் கேன் கேட்பதில்லை.

பாட்டின் வேகத்தை லைட்டுக்குச் சொல்ல டேப் டெம்போ பட்டனைக் கையால் தட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். லைட்டை இயக்கும் கன்சோல் மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருந்தால் நாம் கேட்பதே பத்தில் ஒரு நொடி தாமதம், நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் அது ஒரு அடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிக்ஸரிலிருந்து ஹெட்போனுக்கு ஒரு வயர் வாங்கிக்கொண்டால் மேடையோடு ஒட்டிவிடலாம். கடைசி வரிசைக்காரருக்கு எப்படியும் ஒட்டாது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

பேட் எவ்வளவு சொன்னாலும் அது சொல்வது அடித்து முடித்த அடியைத்தான். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, பாடகர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். அதனால் அடிக்குத் துடிக்கிற நாலு விளக்கை மட்டும் லேப்டாப்பிடம் விட்டுவிட்டு, மேடை நிறத்தையும் திரும்பித் திரும்பி ஒளி வீசும் மூவிங் ஹெட் விளக்கையும் கையிலேயே வைத்திருக்கிறேன். எனக்கு டீ இடைவேளையில்தான்.