விளக்கு எரிகிறது, அம்பு நகரவில்லை

சென்ற வாரம் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் இருந்தபோது, காலையில் மடிக்கணினியைத் திறந்து, பல நாட்களாகத் தள்ளிப்போட்டு வந்த லினக்ஸ் இயங்குதள அப்டேட்டை ஓட விட்டேன். பிழைச்செய்தி எதுவும் வராமல் அது முடிந்தது. கணினியை அணைக்காமல் மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். இரவு என் மேசையில் வைத்துத் திறந்து, வழக்கமான கம்பி மவுஸைச் செருகினேன். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் திரையில் அம்பு அசையவில்லை. டச்பேட் மட்டும் எப்போதும்போல் வேலை செய்தது.

கழற்றி மாட்டினேன், அடுத்த போர்ட்டில் மாட்டினேன், பலனில்லை. டெஸ்க்டாப் அமைப்புகளில் மவுஸ் பகுதியைத் திறந்து, வேகத்தையும் இடக்கை வலக்கைத் தேர்வையும் மாற்றிப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, மவுஸ் இருப்பதையே அறியாத டெஸ்க்டாப்பிடம் அதன் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு, கோளாறு மவுஸிலா போர்ட்டிலா என்று தெரிந்துகொள்ள, ஒரு பென்டிரைவைச் செருகினேன். அதுவும் திறக்கவில்லை. போர்ட்டுகள்தான் போய்விட்டன, மறுநாள் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டி-மெசேஜ்’ கட்டளையை ஓட்டியபோதுதான் தெரிந்தது. மவுஸைச் செருகிய ஒவ்வொரு முறையும், குறைவேக யூ.எஸ்.பி. சாதனம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்ற வரியும், அதன் கீழே மவுஸின் பெயரும் பதிவாகியிருந்தன. மவுஸ் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசும் சாதனம் என்பதால் அதைக் ‘குறைவேகம்’ என்றே கெர்னல் குறிக்கிறது, அது குறையல்ல. பென்டிரைவும் அதே பட்டியலில் இருந்தது. ஆக, மின்சாரம் போகிறது, போர்ட் உயிரோடு இருக்கிறது, வந்திருப்பது யார் என்றும் கணினிக்குத் தெரிகிறது. வழக்கமாக அதற்கடுத்து வர வேண்டிய வரி, அதாவது இந்தச் சாதனத்தை உள்ளீட்டுக் கருவியாக ஏற்றுக்கொண்டேன் என்று, அதை இயக்கும் நிரலான டிரைவர் சொல்லும் வரி, இல்லை. சாதனங்களை மரம்போல் காட்டும் ‘எல்.எஸ்.யூ.எஸ்.பி.’ கட்டளையிலும் மவுஸுக்கு நேரே டிரைவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

மவுஸ், விசைப்பலகை போன்றவற்றைக் கவனிக்கும் ‘யூ.எஸ்.பி.ஹிட்’ என்ற மாட்யூலை, அதாவது கெர்னலோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் டிரைவர் கோப்பை, நானே ஏற்ற முயன்றேன். அப்படி ஒரு மாட்யூல் 6.9.5 என்ற கோப்புறையில் இல்லை என்று பதில் வந்தது. கோப்புறையைத் திறக்கப் போனால், அந்தக் கோப்புறையே இல்லை. அதன் இடத்தில் 6.9.6 இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண்ணைக் கேட்டேன், 6.9.5 என்றது.

காரணம் இவ்வளவுதான்: கணினி தொடங்கும்போது கெர்னல் நினைவகத்துக்குள் ஏறிவிடுகிறது, ஆனால் ஆயிரக்கணக்கான டிரைவர்களையும் கூடவே சுமக்காமல், தேவைப்படும்போது தன் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நான் பயன்படுத்தும் லினக்ஸ் வகை, புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை அதன் கோப்புறையோடு நீக்கிவிடும். காலையில் தொடங்கியபோது மவுஸ் மாட்டப்படாததால் அதற்கான மாட்யூல் ஏறவில்லை. டச்பேடுக்கானது ஏறியிருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. பென்டிரைவுக்கான மாட்யூலும் வட்டிலேயே தங்கி அழிந்துபோனவற்றில் ஒன்று, என்னைத் தவறான வழியில் இழுத்துச் சென்ற சாட்சி அதுதான். கணினியை அணைக்காமல் மூடியதால் பழைய கெர்னலே இரவு வரை தொடர்ந்தது. டெபியன் என்ற லினக்ஸின் வழிவந்த வகைகளில் பழைய கெர்னலும் சில காலம் உடன் வைக்கப்படுவதால், அங்கே இந்தக் குறிப்பிட்ட சிக்கல் பொதுவாக எழுவதில்லை.

ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு நிமிடத்துக்குள் மவுஸும் வேலை செய்தது, பென்டிரைவும் திறந்தது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாமே என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். செய்திருக்கலாம்தான், ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் திறந்து கிடந்ததும், பாதியில் நின்ற அறிக்கை ஒன்றும், கொஞ்சம் வீம்பும் தடுத்தன. தவிர, காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்திருந்தால் அடுத்த அப்டேட்டிலும் இதே கூத்து நடந்திருக்கும்.

அப்டேட்டுக்குப் பின் மவுஸ் நின்றுபோவதற்கெல்லாம் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். கை எடுத்த சில நொடிகளில் மவுஸ் தூங்கிப்போய், பொத்தானை அழுத்தினால் விழிக்கிறது என்றால், மின்சிக்கன நிரல் அதன் போர்ட்டைத் தூங்க வைக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கான காத்திருப்பு இயல்பாகவே 2 நொடிதான். உள்நுழையும் திரையில் நகர்ந்து, உள்ளே போனதும் நிற்கிறது என்றால் மட்டுமே டெஸ்க்டாப் அமைப்புகளைச் சந்தேகிப்பதில் பொருள் உண்டு. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் சாதன மேலாளரில் அந்த மவுஸின் பண்புகளைத் திறந்து, முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்போது விசைப்பலகையால்தான் நகர வேண்டியிருக்கும் என்பதால், டேப் விசையோடு பழகிக்கொள்வது நல்லது.

என் வகை லினக்ஸுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்களை ரீஸ்டார்ட் வரை அழியாமல் காத்து வைக்கும் சிறிய தொகுப்பு ஒன்று உண்டு என்று பிறகு அறிந்து நிறுவிக்கொண்டேன். அடுத்த கெர்னல் வந்தபோது, வேண்டுமென்றே மவுஸைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடங்கி, அப்டேட்டை முடித்து, அதன் பிறகே மவுஸைச் செருகினேன். அம்பு நகர்ந்தது.