செம்மண் ஊரில் பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்றுவது

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் ஓடும் ஜீப் வகை வண்டிகளில் பிரேக் கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று செம்மண். கண்மாய்க் கரையிலும் தோட்டத்து வழியிலும் போகும்போது அந்த நைஸ் மண் காலிபருக்குள் (டிஸ்க்கைக் கவ்வி, பிஸ்டனால் பேடை அழுத்தும் பாகம்) புகுந்து உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். இன்னொன்று, வண்டி சும்மா நிற்பது. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். வண்டி ஊர் வீட்டு ஷெட்டில் கிடந்து கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் துரு ஏறும், காலிபர் நகர்ந்து ஓடும் ஸ்லைடு பின் இறுகும். இதைக் கவனிக்காமல் புதுப் பேடையும் டிஸ்க்கையும் மட்டும் மாட்டினால், அடுத்த திருவிழாவுக்குள் பழைய சத்தம் திரும்பிவிடும். இந்த வேலையில் மாட்டுவது கொஞ்சம், சுத்தம் செய்வதுதான் அதிகம்.

மஹிந்திரா தார், பொலேரோ வகையில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கீழே சொல்வது முன்பக்கத்துக்கு.

எப்போது மாற்ற வேண்டும்? புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் வாங்கி வைத்துவிடலாம். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடத் தொடங்கினால் சுமார் 2 மி.மீ.தான் மிச்சம். டிஸ்க்குக்கு வண்டிக்கு வண்டி அளவு மாறும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் நடுத்தொப்பியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். வெர்னியரால் அளந்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பு இடிக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். மைக்ரோமீட்டரால் உள்ளே தள்ளி நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். தடிமன் தாராளமாக இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையலாம். கடைந்த பிறகு எல்லைக்கு மிக அருகில் வந்துவிடும் என்றால் அந்தக் கூலியைப் புது டிஸ்க்கில் போடுவதே மேல். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அது தெரியும்.

பேடானாலும் டிஸ்க்கானாலும் இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வாங்க வேண்டியவை: டிஸ்க் 2, முன் பேட் ஒரு செட் (4), பேட் கிளிப் செட், ஸ்லைடு பின் ரப்பர் பூட் 4, பிரேக் கிளீனர் 2 டப்பா, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூப், பிரேக் ஆயில் அரை லிட்டர். நான்கு சக்கரத்துக்கும் ஆயில் மாற்றுவதாக இருந்தால் 1 லிட்டர். கிளிப்பையும் பூட்டையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஜாக்கி போடும் இடம் முக்கியம். முகப்பிலோ வளவிலோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் போடவே கூடாது. கல் விரிசல் விடும், சிந்திய பிரேக் ஆயில் கறையாக ஊறும். கெட்டியான சிமெண்டுத் தரையில் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லையோ செம்புராங்கல்லையோ அடுக்கி வண்டியை நிறுத்துவதை இங்கே நிறையப் பார்க்கலாம். இரண்டுமே சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்கினால் சக்கரம் கழற்றுவது சுலபம்.

காலிபரை எடுத்ததும் அதை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் மேலே கட்டுங்கள். பழைய பேடுகளைத் தூக்கி எறியாமல், எது எந்தப் பக்கம் என்று குறித்து வரிசையாக வையுங்கள். நோயைச் சொல்வது அவைதான். ஒரே சக்கரத்தில் உள் பேடும் வெளிப் பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால் முதலில் ஸ்லைடு பின்னைப் பாருங்கள், அடுத்து பிஸ்டனை. ஒரே பேடின் ஒரு முனை மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் ஓடுகிறது, இன்னொன்று இறுகிவிட்டது. ஒரு சக்கரத்தில் இரண்டு பேடும் கரைந்து, எதிர்ச் சக்கரத்தில் நன்றாக இருந்தால் பிரேக் விடாமல் பிடிக்கிறது. இந்தச் சந்தேகம் முன்பே இருந்தால், காலிபரைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்யலாம்: பிரேக் மிதித்து விட்டபின் சக்கரம் இறுகி நிற்கும்போது பிளீடர் நிப்பிளை (காலிபரில் ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்துபாருங்கள். சக்கரம் உடனே விடுபட்டால், பெரும்பாலும் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடவில்லை என்று அர்த்தம். விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

ஸ்லைடு பின்தான் இந்த ஊர் வண்டிகளின் உயிர்நாடி. இரண்டையும் உருவி எடுங்கள். பூட் கிழிந்திருந்தால் உள்ளே கிரீஸுக்குப் பதிலாகச் செங்காவிக் களி இருக்கும். பின்னையும் அது ஓடும் துளையையும் கிளீனர் அடித்து, துணி சுற்றிய கம்பியால் வெள்ளையாகத் துடைக்கும்வரை விடக்கூடாது. பின்னில் குழி விழுந்திருந்தால் புதிது போடுங்கள். சில வண்டிகளில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல, ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். மாற்றிப் போட்டால் காலிபர் இறுகும். சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். நிறைய அடைத்தால் காற்று வெளியேற வழியின்றி ஸ்லைடு பின் திரும்பத் தள்ளப்படும். சாதாரண பேரிங் கிரீஸ் ஆகவே ஆகாது, ரப்பர் ஊதிவிடும். முடிந்தபின் பின்னை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்ற, காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளை எடுத்தாக வேண்டும். டிஸ்க் ஹப்பில் (சக்கரமும் டிஸ்க்கும் உட்காரும் நடுப்பாகம்) ஒட்டிக்கொண்டிருந்தால், அதில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா பாருங்கள். அளவான போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி முறுக்கினால் தானாக வெளியே வரும். சுத்தியலால் அடித்தால் அடி வீல் பேரிங்கில் விழும். சில பழைய வண்டிகளில் டிஸ்க் ஹப்போடு போல்ட் போட்டு இருக்கும். அதற்கு ஹப்பையே இறக்கி, பேரிங் கழுவி, புது கிரீஸும் சீலும் போட்டு, இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

புது டிஸ்க் போட்டும் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது என்று வருபவர்கள் உண்டு. டிஸ்க் கோணல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஹப் முகத்தைப் பாருங்கள். அங்கே விட்டுவைத்த ஒரு துருச் செதில் போதும், டிஸ்க் ஓரத்தில் அது பெருகித் தெரியும். கம்பி பிரஷ்ஷால் ஹப் முகத்தை, வீல் நட் ஏறும் ஒவ்வொரு ஸ்டட்டின் அடியையும் சேர்த்து, பளிச்சென்று தேய்க்க வேண்டும். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால், டிஸ்க்கை நட்டால் இறுக்கிச் சுற்றிப் பார்க்கும்போது ஆட்டம் பொதுவாக 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைக் கிளீனரால் இரு முகத்திலும் துடைத்தபின் விரல் படாமல் மாட்டுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளப் பழைய பேடை வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தலாம். பிளீடரில் குழாய் மாட்டி, திறந்து வைத்துக்கொண்டு தள்ளினால் அழுக்கு ஆயில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) பக்கம் ஏறாமல் வெளியே போய்விடும். தள்ளி முடிந்ததும், விடுவதற்கு முன் மூடிவிடுங்கள். பிஸ்டனின் ரப்பர் பூட்டில் கிழிசலோ ஆயில் கசிவோ இருந்தால் சீல் கிட் போடாமல் மூடாதீர்கள். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயிண்டை அரித்துவிடும்.

பிராக்கெட், ஸ்லைடு பின், வீல் நட் எல்லாவற்றுக்கும் முறுக்கு அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) இல்லாமல் 'கை பழகிய இறுக்கம்' என்பதை நாங்கள் ஏற்பதில்லை. ஸ்லைடு பின் போல்ட் சின்னது, அதிகம் முறுக்கினால் அறுந்துவிடும்.

பிரேக் ஆயிலின் தர வகை டாட் 3ஆ, டாட் 4ஆ என்று வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்தபின் அதற்கான எல்லை 155தான். வண்டி நின்றாலும் அது ஈரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் ஓடாத வண்டிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது.

சக்கரம் மாட்டியதும், வண்டியை அசைக்கும் முன் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் சில மிதி தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் ஷெட்டுச் சுவர்தான் பிரேக்.

பிறகு பழக்குவது. ஆள் நடமாட்டம் குறைந்த நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, நிறுத்தாமல் திரும்ப வேகமெடுத்து, இப்படிப் பத்து முறை. இடையில் அரை நிமிடமாவது ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொல்லப்படும் பல வண்டிகளில் நடந்தது இதுதான். கடைசியில் பிரேக் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். அடுத்த நாள் வீல் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள்.

சேற்றில் இறங்கி வந்த வண்டியைக் கழுவும்போது தண்ணீரைச் சக்கரத்துக்கு உட்பக்கமிருந்தும் அடியுங்கள், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவில்தான் செம்மண் உட்காரும். கழுவியதும் அப்படியே ஷெட்டில் விடாமல் ஒரு கிலோமீட்டர் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டினால் காய்ந்துவிடும். மாதக்கணக்காக நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பின் டிரம்மில் லைனர் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி இருந்தால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது பேட்டரிக்கும் போதாது, பிரேக்குக்கும் ஆகாது.