ஐடிஐயா, ஒர்க்‌ஷாப்பா? பைக் மெக்கானிக் ஆக நினைக்கும் குமரி மாவட்டத் தம்பிகளுக்கு

பத்தாம் வகுப்பு முடித்த பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பைக் வேலை படிக்க ஐடிஐ போகணுமா, நேராக ஒர்க்‌ஷாப்பில் நின்றால் போதாதா? இரண்டிலும் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஐடிஐயில் சேருங்கள், சாயங்காலமும் லீவு நாளும் ஒர்க்‌ஷாப்பில் நில்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் மட்டும் வளர்ந்த பலருக்குக் கைவேகம் பிரமாதமாக இருக்கும். ஆனால் வயரிங் கோளாறு என்று ஒரு வண்டி வந்தால் அடுத்த கடைக்குக் கை காட்டிவிடுவார்கள்.

நான் படித்தது நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐயில், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு. இரண்டு வருடப் படிப்பு, பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். பாடத்தில் காரும் லாரியும்தான் அதிகம், பைக் கொஞ்சம்தான் வரும். அதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். பிஸ்டன் சுற்றவைக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று என்பது லாரிக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் ஒன்றுதான். இரண்டு வருடம் முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது. கல்ஃப் போக நினைப்பவர்களுக்கும் இந்தச் சான்றிதழ் உதவும்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். தியரியை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். அதில் தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். பிராக்டிகலுக்கு 60 வேண்டும், ஆளைக் கவிழ்ப்பது அதுதான். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை, மைக்ரோமீட்டரில் 0.01 வரை அளவு சொல்லத் தெரிய வேண்டும். சாதாரண பைக் கடையில் மைக்ரோமீட்டரைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம், அதனால் ஐடிஐயில் இருக்கும்போதே கை பழகிக்கொள்ளுங்கள். கணக்குப் பாடத்தில் கம்ப்ரஷன் ரேஷியோவை, அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை, மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன் நகரும் இடம் 100 சிசி, மேலே மிச்சம் இருக்கும் இடம் 12.5 சிசி என்றால், இரண்டையும் கூட்டி 12.5ஆல் வகுத்தால் 9. இது மனதில் ஏறிவிட்டால், ஹெட்டில் கரி படிந்து அந்த மிச்ச இடம் குறைந்த வண்டி ஏன் தட்டுகிறது என்பதும் தானாகப் புரியும்.

சரி, ஒர்க்‌ஷாப். தக்கலைப் பக்கம் நான் நின்ற கடையில் அண்ணன் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “மக்களே, மொதல்ல ஸ்பானரத் தொடாத. எப்பம் நிக்கு, சூட்டிலயா, மழையிலயான்னு வண்டிக்காரருகிட்ட கேளு.” வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதிலேயே நம் மாவட்டத்தில் பாதிப் பதில் கிடைத்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் வண்டி என்றால் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட் என்று தேய்மான வேலை. ஏற்றமும் சேறும் அப்படி. குளச்சல், முட்டம் வண்டி என்றால் உப்புக்காற்று. வயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் பச்சை பூத்திருக்கும், சைலன்சர் அரித்திருக்கும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கடற்கரை ஊரிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் வயர் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவினால் வேலை முடிந்தது. பேட்டரிக்கான காசு வண்டிக்காரருக்கு மிச்சம், அவர் அடுத்த முறையும் உங்களிடம்தான் வருவார்.

முதல் சம்பளத்தில் மல்டிமீட்டர் வாங்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். 8, 10, 12, 14, 17 ஸ்பானர்கள் எப்படியும் கடையில் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு கார்பரேட்டர் போய், பெரும்பாலான வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை ஊதிச் சரிசெய்த காலத்து அறிவு பழைய வண்டிகளுக்கு இன்னும் வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இனிக் கடை நடத்த முடியாது. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ் சென்சாரின் வயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு ஸ்கேனர் இல்லாமலே பாதி வேலை நடக்கும்.

ஷோரூம் சர்வீஸில் அப்ரண்டிஸ் கிடைத்தால் போகலாம். டார்க் ரெஞ்ச் வைத்து அளவோடு இறுக்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஆனால் சில இடங்களில் மாதக்கணக்கில் வாட்டர் சர்வீஸும் ஆயில் மாற்றுவதும்தான், இன்ஜின் பக்கமே விட மாட்டார்கள்.

அதனால் எந்தக் கடையில் சேர்ந்தாலும் சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இன்ஜின் வேலை இங்கேயே நடக்குமா? தேய்ந்த சிலிண்டரை போரிங்குக்கு, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்க, லேத்துக்குக் கொண்டு போகும்போது நானும் கூடப் போகலாமா? 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் பிஸ்டன் எப்போது போடுவது, எப்போது பிளாக்கையே மாற்றுவது என்பதை அந்த லேத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். போகலாம் என்று சொல்கிற கடையில் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள்.