தத்தாமிக்கு அடியில் இருந்த காகிதம்

ஜப்பானில் நாங்கள் குடியிருக்கும் பழைய வாடகை வீட்டில், ஆறு தத்தாமிப் பாய்கள் பதித்த அறை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு, அந்த அறையில் படுத்தவர்களுக்கெல்லாம் விடியற்காலைத் தும்மலும், கை மடிப்புகளில் அரிக்கும் சிவந்த தடிப்புகளும் வரத் தொடங்கின. பாய் பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் ஓரத் துணியின் தையலைப் பிரித்து, மேலிருந்த கோரை விரிப்பை உரித்தபோது, வைக்கோல் மெத்தையோடு சேர்த்துத் தைத்திருந்த பழுப்பேறிய காகிதம் ஒன்று தெரிந்தது. பூச்சிமருந்து ஊட்டிய காகிதம் என்றார்.

நம் ஊர்க் கோரைப்பாயைச் சுருட்டி வெயிலில் உதறிவிடலாம். தத்தாமியை அப்படிச் செய்ய முடியாது. சுமார் 40 செ.மீ. உயரத்துக்கு அடுக்கிய வைக்கோலை 5 செ.மீ. கனமாக இறுக்கித் தைப்பதால், உள்ளே ஏறிய ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. எங்கள் தும்மலுக்கும் தடிப்புக்கும் காரணமான, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகள் (mites) தண்ணீர் குடிப்பவை அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சியே வாழ்கின்றன என்பதால், அவற்றுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. முதலில் பூஞ்சையைத் தின்பவை பெருகும். பிறகு அவற்றை வேட்டையாடும் நகச் சிற்றுண்ணிகள் வந்து, போகிற போக்கில் மனிதரையும் கடித்துவைக்கும்.

ஃபென்தியான், ஃபெனிட்ரோதியான் போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளை ஊட்டிய காகிதத்தை வைக்கோலின் மேலும் கீழும் வைத்துத் தைப்பது அங்கு நெடுநாள் வழக்கம். இதில் எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. மருந்து சிறிது சிறிதாக ஆவியாகித்தான் வேலை செய்கிறது. ஆகவே சில ஆண்டுகளில் அது வெறுங்காகிதம் ஆகிவிடும். ஆவியாகும் காலத்திலோ, பாய்மேல் முகம் புதைத்துத் தூங்கும் குழந்தையும் அதையே சுவாசிக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த குளோர்பைரிஃபாஸை, குடியிருப்புக் கட்டுமானப் பொருள்களில் 2003 ஜூலை முதல் ஜப்பானியச் சட்டம் தடை செய்துள்ளது. மேலும், செத்த உண்ணியின் உடலும் எச்சமும் ஒவ்வாமையைத் தூண்டுபவை. மருந்து அவற்றைக் கொல்லுமே தவிரக் கூட்டித் தள்ளாது.

புதுக் காகிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாய்களைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, உள்வரை 60 பாகைக்கு மேல் சூடேறும்படி உலர்த்திக் கொண்டுவந்தார். அதன்பின் நெசவு வரியை ஒட்டி மெதுவாகத் தூசி உறிஞ்சியை ஓட்டுகிறோம். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரம் நீக்கும் கருவியைப் போடுகிறோம். வெயில் காயும் நாள்களில், பக்கத்து வீட்டுப் பாட்டி காட்டித்தந்தபடி, ஒவ்வொரு பாயின் ஒரு முனையையும் தூக்கி, அடியில் காலி மீன் டின் ஒன்றைச் செருகி, மாலைவரை காற்றாட விடுகிறோம்.