சுருதி சேராத அக்கா

1961இல் தேவாரப் போட்டிக்கு நம் பள்ளியிலிருந்து போயிருக்க வேண்டியவர் அந்த அக்கா. அப்போது ரங்கூனில் நம்மோடு படித்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். காலை வணக்கத்தில் அவர் பதிகம் எடுத்தால், தெருவில் மொஹிங்கா விற்கும் பர்மியப் பெண்மணி தோள்காவடியை இறக்கி வைத்துவிட்டு நிற்பார். ஆனால் போட்டிக்குப் போனது நான். எனக்கு 11 வயது. அந்தப் பதிகத்தைப் பள்ளியின் பின்படிக்கட்டில் உட்காரவைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அதே அக்காதான்.

போட்டிப் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை அடித்தபோது பாட்டு வாத்தியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சுத்தமா இல்லம்மா. நிஷாதத்துல பர்மாக்காரச் சாயல் கலக்குது." நிஷாதம் என்றால் ஏழு சுரங்களில் கடைசியான 'நி'.

அக்காவின் அப்பா இராமநாதபுரத்துக்காரர், துறைமுகத்தில் வேலை. அம்மா பர்மியர். இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பர்மியர் 'கப்யா' என்பார்கள். நம் பக்கத்தில் வழங்கிய சொல்லை இந்த மலரில் எழுத எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டி அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது சொன்னவையும் 'சுத்தம்', 'கலப்பு' என்கிற இதே இரண்டு சொற்கள்தான். வாத்தியார் பாட்டைச் சொல்கிறார், பாட்டி பிறப்பைச் சொல்கிறார், இரண்டும் வேறு என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாத்தியாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நல்ல மனிதர். சம்பளம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தம் வீட்டிலேயே பாட்டும் சொல்லிக்கொடுத்து, சோறும் போட்டவர். தமிழிசை இயக்கத்தில் ஊறியவர். சென்னைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாகத் தள்ளிவைத்த கதையையும், 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசைக்காகக் கூடிப் பேசியதையும், 1943இல் அண்ணாமலைச் செட்டியார் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டதையும் சொல்லும்போது அவர் குரல் நடுங்கும். "மொழியைப் பாத்தா பாட்டை எடை போடுறது?" என்பார். அப்படிக் கேட்டவர்தான், பகோடா திருவிழாவில் சைங் வைங் என்கிற பர்மிய மேளம் முழங்கினால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

அவர் கையில் இருந்த அளவுகோல் சுருதிப்பெட்டி ஒன்றுதான். பர்மியருக்கும் ஏழு சுரம் உண்டு. ஆனால் சில சுரங்கள் நம் சுரத்தானங்களுக்கு நடுவே நிற்கும். நம் பெட்டியை வைத்து அளந்தால் அவை பிசகாகத்தான் தெரியும். தாளமும் அப்படியே. நமக்குச் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, ஆவர்த்தம் என்கிற சுற்றின் தலையில். அவர்கள் 'சி' என்கிற சிறு தாளத்தையும் 'வா' என்கிற மரக்கட்டையையும் வைத்துக் காலம் காட்டுவார்கள். கனமான 'வா' சுற்றின் முடிவில் விழும். தலையில் தேடுகிறவருக்கு அது தாளம் தப்பியதாகவே படும்.

சைங் வைங்கைக் கிட்டே போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வேலைப்பாடு செய்த வட்டச் சட்டத்துக்குள் 21 மத்தளங்களைத் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்து வாசிப்பார் ஒருவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். சோற்றையும் சாம்பலையும் பிசைந்து தோலின் நடுவில் அப்பி, கூட்டியும் வழித்தும் சுரம் சேர்ப்பார். நம் மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டமும் சோற்றோடு கல்தூள் சேர்த்து அரைத்துத் தேய்த்ததுதானே? அதற்குப் பேரே 'சோறு'தானே? இரண்டு ஊர்த் தோலும் ஒரே தானியத்தால்தான் வாய் திறக்கின்றன. இதை எனக்கு முதலில் காட்டியவரும் அந்த அக்காதான்.

எனக்கு ஆறாத வருத்தம் யாழ் பற்றியது. வாத்தியார் மேசையில் எப்போதும் யாழ்நூல் இருக்கும். தமிழர் தொலைத்துவிட்ட யாழைத் தேடி விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் வெளியிட்ட நூல். வில்யாழ் பற்றிப் பாடம் நடத்தும்போது வாத்தியார் கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். வில்லாய் வளைந்த கழுத்து, படகு போன்ற பத்தர் என்கிற ஒலிக்கூடு, மேலே மான்தோல், 16 நரம்பு. இப்படி ஒரு கருவி, 'சௌங்' என்ற பெயரோடு, பள்ளிக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பர்மியப் பெரியவர் மடியில் மாலைதோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. வாத்தியார் அந்தப் படியேறியதே இல்லை.

நம்மவர்களை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. நம் நாயனம் கேட்டால் 'கலா சத்தம்' என்று, இந்தியரை இழிவாகச் சுட்டும் சொல்லால் பழித்து, காதைப் பொத்திய பர்மியப் பையன்களும் இருந்தார்கள். 1930இலும் 1938இலும் ரங்கூனில் இந்தியர் மேல் விழுந்த அடியை என் அப்பா கண்ணால் கண்டவர். ஆனால் எங்கள் கோயில் திருவிழாவில் தப்படிக்க வந்தவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது எந்தப் பர்மியரும் இல்லை. அவர்கள் அடி சுத்தமாக இருந்ததா என்று யாரும் காது கொடுத்துக் கேட்டதும் இல்லை.

1964இல் கடைகள் அரசுக்குப் போயின. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதென்றார்கள். நாங்கள் கப்பலேறினோம். அம்மா அந்த மண்ணுக்காரர் என்பதால் அக்கா அங்கேயே தங்கிவிட்டார்.

2014இல் போய்ப் பார்த்தேன். முடி முழுக்க வெளுத்து, கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசி, வாசலிலேயே நின்றிருந்தார். பேச்சில் பாதி பர்மியம். சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறாராம். பேத்தி சௌங் கற்கிறாள். 53 வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னேன். அவருடைய இடத்தில் நான் போனது தப்பு, அன்றைக்கே வாய் திறந்திருக்க வேண்டும் என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்ன பாடினே?" என்றார்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் அக்கா. அந்த நியை மட்டும் வாத்தியார் மாத்தச் சொன்னார். மாத்திப் பாடினேன்."

பேத்தியைச் சௌங்கை எடுத்துவரச் சொன்னார்.

"இப்ப மாத்தாம பாடு."